அந்த மேப்பிளை வெட்டாதீங்க, ஆனா இன்னொண்ணு நட்டுடாதீங்க

தம்பி, நீங்க கேட்டதை ஒரு தடவை திருப்பி சொல்லிடறேன். ஸ்கார்பரோல அறுபது வருஷப் பழைய வீடு ஒண்ணு வாங்கியிருக்கீங்க, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுனு ரெண்டு பெரிய மேப்பிள் நிக்குது, அடியில எத்தனை தடவை விதை தூவினாலும் புல்லு வரல, வீட்டம்மா போட்ட தக்காளியும் கொத்தமல்லியும் வெளுத்துப்போய் செத்துருச்சு, ஆகஸ்ட் வந்தா இலை பூரா தார் தெளிச்ச மாதிரி கருப்புப் பொட்டு, வசந்தம் வந்தா தோட்டம் முழுக்க குட்டி மேப்பிள். இதுக்கு நடுவுல பக்கத்து வீட்டுக்காரர் "இது நம்ம நாட்டு மரமே இல்ல, வெட்டித் தள்ளு"ங்கிறார், உங்க பையன் சிரப் காய்ச்சலாமாங்கிறான்.

நான் டொரான்டோ சுத்துவட்டாரத்துல மரவேலை பாக்குறவன். முன்னாடி கயிறு கட்டி மேல ஏறுவேன், இப்ப முட்டி ஒத்துழைக்கல, கீழ நின்னு பாத்து எஸ்டிமேட் எழுதுறேன். நீங்க சொன்ன அடையாளத்தை வச்சே சொல்லிடலாம் அது நார்வே மேப்பிள்னு, ஆனாலும் நீங்களே ஒரு தடவை பாத்துக்குங்க, ஆப் எதுவும் வேணாம். ஒரு இலையை காம்போட சேத்துப் பிச்சு, காம்பு கிளையில ஒட்டியிருந்த முனை இருக்குல்ல, அதை விரலால அமுக்குங்க. எருக்க இலையைக் கிள்ளினா வருமே அது மாதிரி வெள்ளையா பால் கசிஞ்சா நார்வே மேப்பிள், தண்ணி மாதிரி தெளிவா இருந்தா சுகர் மேப்பிளோ ரெட் மேப்பிளோ வேற ஏதோ. ஜூன் ஜூலைல இது பளிச்சுனு தெரியும், அக்டோபர் கடைசில பழுத்த இலையைக் கிள்ளிட்டு பால் வரலைனு முடிவு பண்ணிடாதீங்க, அப்ப அது வத்திப்போயிருக்கும். பால் வர்ற இன்னொரு மேப்பிளும் உண்டு, ஹெட்ஜ் மேப்பிள், ஆனா அதோட இலை சின்னது, நுனி மழுங்கினது, ரெண்டையும் குழப்பிக்க மாட்டீங்க.

இலை இல்லாத நேரம்னா விதையையும் மொட்டையும் பாருங்க. ஹெலிகாப்டர் மாதிரி சுத்திக்கிட்டு விழுமே அந்த ஜோடி விதை, நார்வேல ரெண்டு றெக்கையும் விறைப்பான மீசை மாதிரி கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டுல விரிஞ்சிருக்கும், சுகர் மேப்பிள்ல லாடம் மாதிரி வளைஞ்சு கீழ தொங்கும். குளிர்கால மொட்டு நார்வேல குண்டா மழுங்கலா பச்சையும் மெரூனும் கலந்த நிறத்துல, சுகர் மேப்பிள்ல பழுப்பா ஊசி மாதிரி கூரா. பட்டையும் வித்தியாசம்தான், வயசான சுகர் மேப்பிள் பட்டை பாளம் பாளமா பேந்து நிக்கும், நார்வே பட்டை பேராது, வலை பின்னின மாதிரி மேலோட்டமா கோடு ஓடியிருக்கும். அப்புறம், கோடை முழுக்க கருஞ்சிவப்பு இலையோட சில வீட்டு வாசல்ல நிக்குமே பெரிய மரம், அதை ஜப்பானிய மேப்பிள்னு நினைக்கிறவங்க நிறைய, அது கிரிம்சன் கிங், அதுவும் நார்வே மேப்பிளோட ஒரு வகைதான், கிள்ளினா பால் வரும்.

இந்த மரத்தைப் பாத்து ஏமாந்தது நாம மட்டும் இல்லங்கிறதுக்கு ஒரு கதை. 2012 நவம்பர்ல பிளாஸ்டிக் 20 டாலர் நோட்டு வந்துச்சுல்ல, அதுல இருக்கிற இலை கனடா மேப்பிளே இல்ல, நார்வே மேப்பிள் இலை மாதிரி இருக்குனு நியூ பிரன்ஸ்விக்ல இருக்கிற ஷான் பிளேனிங்கிற தாவரவியலாளர் கிளப்பிவிட்டார், பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. பேங்க் ஆஃப் கனடா என்ன சொன்னாங்கன்னா, அது எந்த ஒரு வகையோட இலையும் இல்ல, பல மேப்பிளையும் கலந்து வரைஞ்ச ஓவியம்னு. உங்ககிட்ட அந்த நோட்டு இருந்தா உங்க முன்வாசல் இலையை பக்கத்துல வச்சுப் பாருங்க, யார் சொன்னது சரின்னு உங்களுக்கே ஒரு அபிப்பிராயம் வரும். கனடாவுக்குனு சொந்தமா 10 மேப்பிள் வகை இருக்கு, 1996ல தேசிய மரம்னு அறிவிச்சப்பகூட ஒரு வகையை சொல்லாம மேப்பிள்னு பொதுவா சொல்லிட்டாங்க, ஆனா இந்தப் பத்துல நார்வே கிடையாது.

சரி, பக்கத்து வீட்டுக்காரர் சொல்றதுல பாதி உண்மை. மரத்தோட சொந்த ஊர் ஐரோப்பா, ஸ்காண்டிநேவியாவோட தெற்குலேருந்து காகசஸ் மலை, வடக்கு ஈரான் வரைக்கும் தானா வளருது, அதனால நார்வேங்கிற பேரே பாதி பொய்தான். இங்க வட அமெரிக்காவுக்கு வந்தது 1756ல, பிலடெல்பியால ஜான் பார்ட்ரம்னு ஒரு செடி வியாபாரி, தாவர ஆராய்ச்சியாளர்னும் சொல்லலாம், அவருக்கு லண்டன்லேருந்து பிலிப் மில்லர் அனுப்பிவச்சது. அதுக்கப்புறம் ரொம்ப காலம் அது ஒரு அலங்கார மரம், அவ்வளவுதான்.

திருப்பம் வந்தது எல்ம் மரம் செத்தப்ப. ஒரு காலத்துல இந்த ஊர்த் தெருவெல்லாம் எல்ம், ரெண்டு பக்கத்து மரமும் மேல வளைஞ்சு கோயில் மண்டபம் மாதிரி கூடி நிக்கும்பாங்க, பழைய போட்டோல பாத்திருப்பீங்க. 1930ல டச்சு எல்ம் நோய் அமெரிக்காவுல ஒஹாயோல கண்டுபிடிச்சாங்க, மரப்பலகை செய்ய ஐரோப்பாலேருந்து கொண்டுவந்த கட்டையோட வந்த பூஞ்சை, 1944ல கியூபெக்குக்கு வந்துச்சு, அப்புறம் ஒண்டாரியோ. எல்ம் வரிசை வரிசையா சாய, போருக்குப் பிறகு புதுசு புதுசா வீட்டு மனை போட்டுட்டே இருக்காங்க, ஸ்கார்பரோவோட பாதி அப்ப முளைச்சதுதான், உடனே நிழல் வேணும், மலிவா வேணும், வேகமா வளரணும், சாலையில கொட்டுற உப்பையும் கட்டட வேலையில இறுகிப்போன களிமண்ணையும் வண்டிப் புகையையும் தாங்கணும். இது எல்லாத்துக்கும் ஆமான்னு சொன்ன மரம் நார்வே மேப்பிள். நர்சரிலேருந்து பிடுங்கி நட்டா பிழைச்சுக்கும், ஆள் பாக்கலைன்னாலும் வளரும். அந்தக் காலத்து நகராட்சிக்காரங்களை இன்னைக்கு உக்காந்து திட்டுறது சுலபம், ஆனா அவங்க இடத்துல நான் இருந்திருந்தா நானும் அதைத்தான் நட்டிருப்பேன், என் தாத்தா வயசு ஆளுங்க நட்ட அந்த நிழல்லதான் ஜூலை மாசம் நான் வண்டியை நிறுத்தி சோறு சாப்பிடறேன்.

உங்களுக்குக் கடுப்பு வர்றதுக்குக் காரணமும் அதே நிழல்தான். நார்வே மேப்பிளோட இலை அகலம், அடுக்கு அடுக்கா ஓட்டை இல்லாம மூடிக்கும், லேசா தூறினா அந்த மழை தரைக்கே வராது, இலையில நனைஞ்சு அப்படியே காஞ்சுடும். கீழ பாத்தா வேர் மேல் மண்ணுலயே பாய் விரிச்ச மாதிரி சல்லி சல்லியா பரவியிருக்கும், அரை அடி தோண்டினா மம்பட்டி மண்ணுல இறங்காது வேருல நிக்கும். வெளிச்சமும் கிடையாது, தண்ணியும் கிடையாது, தக்காளி என்ன பண்ணும் பாவம். சில பேர் வேர்லேருந்து விஷம் விடுதும்பாங்க, எனக்குத் தெரிஞ்சு அதுக்கு அவ்வளவு உறுதியான ஆதாரம் இல்ல, நிழலும் தாகமும் போதும் அங்க புல்லைக் கொல்ல.

வீட்டுத் தோட்டத்துல இது வெறும் எரிச்சல். காட்டுல வேற கதை. இதோட நாத்து நிழல்லயே வருஷக்கணக்கா பொறுமையா உக்காந்திருக்கும், மேல ஒரு பெரிய மரம் விழுந்து வெளிச்சம் வந்த அன்னைக்கு மத்ததை முந்திக்கிட்டு கிளம்பும். சுகர் மேப்பிளுக்கும் அந்தக் குணம் உண்டு, ஆனா நார்வே வசந்தத்துல முந்தி துளிர்க்குது, இலையுதிர் காலத்துல ரெண்டு வாரம் பிந்தி உதிர்க்குது, உள்ளூர்ப் பூச்சிக்கு இதோட இலை அவ்வளவா பிடிக்கிறதில்ல, அதனால இலை ஓட்டை விழாம முழுசா வேலை செய்யுது. வருஷத்துக்கு சில வாரம் கூடுதலா சம்பாதிக்கிறவனும் செலவு கம்மியா இருக்கிறவனும் ஒரே ஆளா இருந்தா பத்து இருபது வருஷத்துல யார் கையில வீடு இருக்கும்னு யோசிச்சுக்குங்க. டான் ஆத்துப் பள்ளத்தாக்குல மே மாசம் முதல் வாரம் நடந்து பாருங்க, காடு இன்னும் சாம்பல் நிறத்துல இருக்கும்போதே கீழ முழங்கால் உயரத்துக்கு பச்சைப் பசேல்னு ஒரு விரிப்பு தெரியும், குனிஞ்சு கிள்ளினா பால், அத்தனையும் மேல இருக்கிற வீட்டுத் தோட்டத்துலேருந்து காத்துல வந்த விதை. மான்ட்ரியால் மவுன்ட் ராயல் மலையிலயும் இதே பிரச்சனை. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டுச்சாங்கிறது இதுதான். நம்மாளுங்க சிலர் உடனே "சீமைக்கருவேலம் மாதிரியா"னு கேப்பாங்க, அந்த அளவுக்கு இல்ல, இது முள்ளும் இல்லை, தரிசு நிலத்தைப் போய்ப் பிடிக்கிறதும் இல்லை, நல்லா இருக்கிற காட்டுக்குள்ள சத்தமில்லாம நுழையுது, அதனாலதான் ரொம்ப நாள் யாரும் கவனிக்கல.

கவனிச்ச இடத்துல சட்டம் வந்துருச்சு. நியூ ஹாம்ப்ஷயர்ல 2007லேருந்து விக்கவோ நடவோ கூடாது, மாசசூசெட்ஸ்ல 2009லேருந்து விக்க முடியாது, வெர்மான்ட்லயும் தடை, மெய்ன்ல 2018லேருந்து தடை. ஒண்டாரியோல அப்படி ஒரு தடை கிடையாது, கிரிம்சன் கிங் இன்னும் நர்சரில அழகா லேபிள் கட்டி விக்கிறாங்க, வாங்கிட்டு வந்து வாசல்ல நட்டுட்டு என்னைக் கூப்பிடறவங்களும் இருக்காங்க. என்ன சொல்றது.

இன்னொரு விஷயம், ஒரே மரத்தையே தெரு முழுக்க நட்டா என்ன ஆகும்கிறது. எல்ம் போன இடத்துல மேப்பிள் வச்சாங்க, ஆஷ் வச்சாங்க. 2002ல டெட்ராய்ட்லயும் வின்ட்சர்லயும் எமரால்ட் ஆஷ் போரர்னு பச்சை வண்டு வந்து ஆஷை காலி பண்ணிடுச்சு. மேப்பிளுக்குன்னு ஆசியாலேருந்து நீளக்கொம்பு வண்டு வந்துச்சு, சரக்குப் பெட்டி மரக்கட்டைக்குள்ள ஒளிஞ்சு, 1996ல புரூக்ளின்ல மொதல்ல பாத்தாங்க, 2003ல நம்ம டொரான்டோவும் பக்கத்துல இருக்கிற வான் (Vaughan) நகரமும் சேர்ற எல்லையில, 2008ல மாசசூசெட்ஸ்ல வூஸ்டர் ஊர்ல. வூஸ்டர்ல தெரு மரத்துல பெரும்பகுதி மேப்பிள், அதுலயும் நார்வே, அதனால 30,000 மரத்துக்கு மேல வெட்டித் தூள் பண்ண வேண்டியதாச்சு, நிழல்ல இருந்த தெருவெல்லாம் ஒரே வருஷத்துல மொட்டை. நம்ம பக்கம் 2013ல மிசிசாகால மறுபடி தலைகாட்டி, 2020லதான் முழுசா ஒழிஞ்சதுனு அறிவிச்சாங்க. உங்க மரத்துல பட்டையில பென்சில் நுழையுற அளவுக்கு வட்டமா, கம்பாஸ் வச்சுப் போட்ட மாதிரி சுத்தமான ஓட்டை பாத்தா தயவுசெஞ்சு உணவு ஆய்வு ஏஜென்சிக்கு சொல்லுங்க, அதாங்க சிஎஃப்ஐஏ. அமெரிக்க தேசிய மரத்தோட்டத்துல வேலை பாத்த ஃபிராங்க் சான்டமோர் 1990லயே ஒரு கணக்கு சொன்னார், ஒரு ஊர்ல ஒரே வகை மரம் 10 சதவீதத்துக்கு மேல வேணாம், ஒரே பேரினம், அதாவது எல்லா மேப்பிளும் சேந்த மாதிரி, 20க்கு மேல வேணாம், ஒரே குடும்பம் 30க்கு மேல வேணாம்னு. மேப்பிள் விஷயத்துல நம்ம தெரு எதுவும் அந்தக் கணக்குல பாஸ் ஆகாது.

இவ்வளவு சொல்லிட்டு வெட்டாதேங்கிறானேன்னு நினைப்பீங்க. உங்க மரத்துக்கு அறுபது வயசு. அது இத்தனை வருஷமா ஏகப்பட்ட விதையை ஏற்கனவே போட்டாச்சு, சுத்தி இருக்கிற நூறு நார்வேயும் போட்டுட்டே இருக்கும், உங்களோடத மட்டும் எடுத்துட்டா பள்ளத்தாக்குக்கு பெரிசா ஒண்ணும் விடியப் போறதில்ல. வீடு பள்ளத்தாக்கை ஒட்டி இருந்தா மட்டும் என் பதில் மாறும். ஆனா அந்த மரம் போனா உங்க வீட்டு மேற்குச் சுவர் ஜூலை மாசம் தகிக்கும், ஏசி பில்லுல தெரியும், இன்னைக்கு நடுற கன்னு அந்த நிழலைத் தர முப்பது வருஷம் ஆகும், அப்ப உங்க பையன் இந்த வீட்டை வித்துட்டுப் போயிருப்பான். அதனால ஆரோக்கியமா இருக்கிற வரைக்கும் வச்சுக்குங்க, ஆனா அதுக்கு வாரிசை இப்பவே நடுங்க. இதுதான் என் பதில், மீதி எல்லாம் எப்படிங்கிறது.

ஆரோக்கியமா இருக்காங்கிறதுக்கு நீங்க இலையைப் பாக்கிறீங்க, நான் அடியைப் பாப்பேன். நல்ல மரம் தரையைத் தொடுற இடத்துல யானைக்கால் மாதிரி விரிஞ்சு வேரா பிரியணும். உங்க மரம் அப்படி இல்லாம கரண்ட் கம்பம் மாதிரி நேரா மண்ணுக்குள்ள இறங்குதா, இல்ல ஒரு பக்கம் விரிஞ்சு இன்னொரு பக்கம் பட்டையா தட்டையா இருக்கா? அப்படின்னா கழுத்தை நெரிக்கிற வேர் இருக்கலாம். நார்வே மேப்பிளுக்கு இது குடும்ப வியாதி, ஆழமா நட்டதாலயோ தொட்டியில சுருண்டு வளந்ததாலயோ ஒரு வேர் வெளியே போகாம தண்டைச் சுத்தியே வளரும், தண்டு பெருக்கப் பெருக்க வேரும் பெருக்கும், கடைசில தாயோட கழுத்தை அதுவே பிடிச்சு நெரிக்கும். சின்னக் கொத்துக்கரண்டி ஒண்ணு எடுத்து, தண்டை ஒட்டி நாலஞ்சு அங்குலம் மெதுவா மண்ணை ஒதுக்கிப் பாருங்க, பட்டையைக் காயப்படுத்தாம. குறுக்கால ஒரு வேர் தண்டைக் கட்டிக்கிட்டு ஓடுறது தெரிஞ்சா அதுதான். சுண்டுவிரல் மொத்தம்னா நீங்களே வெட்டி எடுத்துடலாம், கைமொத்தம் இருந்து தண்டுக்குள்ள புதைஞ்சிருந்தா தொடாதீங்க, ஆர்பரிஸ்ட், அதாவது மரம் பாக்குற நிபுணர், வந்து காத்து பீச்சி மண்ணை நீக்கிப் பாத்துட்டுதான் முடிவு பண்ணணும், சில சமயம் அந்த வேரே மரத்தைத் தாங்கிப் பிடிச்சுட்டு இருக்கும்.

2022 மே 21ந்தேதி அந்தப் பேய்க்காத்து அடிச்சுச்சே, டெரெச்சோனாங்க, அதுக்கு அடுத்த ரெண்டு வாரம் நான் தூங்கினதே கம்மி. அப்ப ஒரு வீட்டுல கார் மேல சாஞ்சு கிடந்த நார்வே இன்னும் கண்ணுல இருக்கு, மேல பாத்தா இலை பச்சைப் பசேல்னு குறையே இல்ல, அடியைப் பாத்தா தரை மட்டத்துல கேரட்டை ஒடிச்ச மாதிரி ஒடிஞ்சிருக்கு, ஒடிஞ்ச இடத்துக்கு நேரா என் மணிக்கட்டைவிட மொத்தமா ஒரு வேர் அரை வட்டமா சுத்திக் கிடக்கு. அந்த வீட்டம்மா மூணு வருஷமா ஒரு பக்கக் கிளை மட்டும் ஆகஸ்ட்லயே மஞ்சளாகுதுன்னு பாத்துட்டுதான் இருந்தாங்களாம், அழகா இருக்குன்னு போட்டோகூட எடுத்து வச்சிருந்தாங்க. நார்வே மேப்பிள் சாதாரணமா அக்டோபர் கடைசி, நவம்பர்லதான் மஞ்சளாகும், மத்த மேப்பிளெல்லாம் கொட்டின பிறகும் இது பச்சையா நிக்கும், அதனால ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் நிறம் மாறினா அடியைப் பாருங்க.

கருப்புப் பொட்டுக்கு பயப்படவே வேணாம். தார்ப்பொட்டு நோய்னு பேரு, ஒரு பூஞ்சை, ஜூன்ல வெளிர் மஞ்சளா ஆரம்பிச்சு ஆகஸ்ட்ல கருப்பாகும், அசிங்கமா இருக்கும், மரத்துக்குப் பெரிய கெடுதல் இல்ல. மருந்தடிக்கிறேன்னு யாராவது வந்தா காசை மிச்சம் பண்ணுங்க. விழுந்த இலையில குளிர்காலம் தங்கிட்டு வசந்தத்துல மறுபடி வித்து தூவும், அதனால இலையை வாரி நகராட்சி பையில போட்டுடுங்க, வீட்டு கம்போஸ்ட் குவியல்ல போடாதீங்க, அது அவ்வளவு சூடாகாது. பக்கத்து வீட்டு மரத்துலேருந்தும் வரும், அதனால முழுசா ஒழியாது, குறையும். காரு மேல பிசுபிசுன்னு ஒட்டுதேன்னு அடுத்து கேப்பீங்க, அது அசுவினியோட வேலை, கழுவினா போகும்.

அடியில புல்லுங்கிற ஆசையை விட்டுடுங்க. நிறைய பேர் பண்ற பெரிய தப்பு, வேர் தெரியுதேன்னு லாரி லாரியா மண்ணைக் கொட்டி மேடாக்கி புல்தரை விரிக்கிறது, ரெண்டு மூணு வருஷத்துல வேர் மூச்சுத் திணறி மேல்கிளை காய ஆரம்பிக்கும், அப்ப யாரும் அந்த மண்ணை நினைக்கிறதில்ல. மரச்சில்லு மல்ச், அதாவது மண்ணை மூடுற போர்வை, ரெண்டு மூணு அங்குலம் போடுங்க, தண்டை ஒட்டாம ஒரு ஜாண் விட்டு வட்டமா, எரிமலை மாதிரி குவிக்காதீங்க. அதுக்கு நடுவுல வேருக்கு இடையில கிடைக்கிற சின்னச் சின்ன சந்துல காட்டு இஞ்சி, பென்சில்வேனியா செட்ஜ், சாலமன்ஸ் சீல், ஜிக்ஜாக் கோல்டன்ராட் மாதிரி காஞ்ச நிழலைத் தாங்குற உள்ளூர்ச் செடி கன்னா வாங்கி வைங்க, பெரிய செடி வாங்கினா பெரிய குழி தோண்டணும், வேரை வெட்ட வேண்டிவரும். முதல் ரெண்டு கோடை தண்ணி ஊத்தணும், ஏன்னா மரம் அதைவிட வேகமா குடிக்கும். தக்காளிக்கு வெயில் வர்ற மூலையில தொட்டி வச்சுக்கச் சொல்லுங்க.

குட்டிச் செடியை மட்டும் அலட்சியம் பண்ணாதீங்க. ஏப்ரல் கடைசி மே மாசம் பனி கரைஞ்சதும் முளைக்கும், முதல்ல நாக்கு மாதிரி நீளமா ரெண்டு விதை இலை, அதுக்கு நடுவுலேருந்து மேப்பிள் இலை. மழை பெஞ்ச மறுநாள் பிடுங்கினா வேரோட வந்துடும், பையனை விட்டுப் பிடுங்க வைங்க, நூறுக்கு ஒரு டாலர்னு பேசிக்குங்க, ஆனா அவனுக்கு அது நல்ல லாபம்னு முதல்லயே சொல்லிடறேன். விதை மண்ணுல வருஷக்கணக்கா தூங்குற ரகம் இல்ல, பெரும்பாலும் அடுத்த வசந்தத்துலயே முளைச்சுடும். முக்கியமா வேலி ஓரம், ஷெட்டுக்குப் பின்னாடி, ஏசி பெட்டிக்கு அந்தப் பக்கம் பாருங்க, அங்கதான் யாரும் பாக்காம அஞ்சு வருஷத்துல ஆள் உயரம் வளந்து நிக்கும், அப்ப வெட்டினா அடியிலேருந்து மறுபடி துளிர்க்கும்.

சிரப் கேட்டான்ல பையன். எடுக்கலாம். இலைக்காம்புலதான் பால், மார்ச் மாசம் தண்டுல ஓடுற சாறு தண்ணி மாதிரி தெளிவாத்தான் இருக்கும். சர்க்கரைதான் கம்மி. சுகர் மேப்பிள்லயே 40 லிட்டர் சாறு காய்ச்சினாதான் 1 லிட்டர் சிரப், இதுல அதைவிடக் கூட வேணும், வீட்டுக்குள்ள அடுப்புல காய்ச்சினா கிச்சன் சுவர் பூரா ஆவி படிஞ்சு வீட்டம்மாகிட்ட நீங்க வாங்கிக்கட்டிக்கணும். ஒரு தடவை விளையாட்டுக்கு வெளியில காய்ச்சிப் பாருங்க, அதுவும் பின்பக்கத்து மரம் நல்லா இருந்தா மட்டும், நோஞ்சான் மரத்துல ஓட்டை போடாதீங்க.

அப்படியே வெட்டியே ஆகணும்னு நிலைமை வந்தா, ஆள் கூப்பிடறதுக்கு முன்னாடி மரம் யாரோடதுன்னு பாருங்க. முன்பக்கத்து மரம் உங்க வாசல்ல இருந்தாலும் நகராட்சியோடதா இருக்க வாய்ப்பு அதிகம், சாலைக்குன்னு ஒதுக்கின நிலம் நீங்க நினைக்கிறதைவிட உள்ளே வரும், வீட்டு சர்வேல கோடு இருக்கும், நகராட்சியோட 311 நம்பர்ல கேட்டாலும் சொல்வாங்க. அது அவங்க மரம்னா கிளையைக்கூட நீங்க தொடக்கூடாது, தொல்லைன்னா அவங்கதான் வந்து பாக்கணும். பின்பக்கத்து மரம் உங்களோடதுதான், ஆனா டொரான்டோல தரையிலேருந்து 1.4 மீட்டர் உயரத்துல விட்டம் 30 சென்டிமீட்டரோ அதுக்கு மேலயோ இருந்தா பெர்மிட் இல்லாம வெட்டக்கூடாது, டேப்பைச் சுத்தி அளந்தா சுத்தளவு 94 சென்டிமீட்டர் தாண்டினா அந்தக் கணக்குல வந்துட்டீங்கன்னு அர்த்தம், உங்களோடது கண்டிப்பா தாண்டும். மார்க்கம்ல 20 சென்டிமீட்டரே போதும், ஊருக்கு ஊர் மாறும். பள்ளத்தாக்கு பாதுகாப்பு எல்லைக்குள்ள வீடு இருந்தா சின்னக் கன்னுக்கும் பெர்மிட் வேணும். இது வெளிநாட்டு மரம், கெட்ட மரம்னு காரணம் எழுதினா நல்லா நிக்கிற மரத்துக்கு பெர்மிட் கிடைக்கிறது கஷ்டம், செத்தது, விழப்போறதுன்னு ஆர்பரிஸ்ட் எழுதிக் கொடுத்தா அது வேற வழி. தண்டு வேலிக்கோட்டு மேல நின்னா இன்னும் கவனம், ஒண்டாரியோ காட்டுச் சட்டப்படி அது ரெண்டு வீட்டுக்கும் பொதுச் சொத்து, பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் இல்லாம வெட்டினா 20,000 டாலர் வரைக்கும் அபராதம், மூணு மாசம் வரை சிறைகூட உண்டு. வாய்ல சொன்னது போதாது, எழுதி வாங்குங்க, வெட்டித் தள்ளுன்னு சொன்ன அதே ஆளா இருந்தாலும்.

வெட்டாம கிளையை மட்டும் குறைக்கணும்னா கீழ்க்கிளை ரெண்டு மூணு எடுத்து வெளிச்சம் விடலாம், ஒரே வருஷத்துல கால்வாசிக்கு மேல எடுக்காதீங்க, உச்சியை மொட்டையடிக்க எவன் வந்தாலும் வாசலோட அனுப்பிடுங்க. மார்ச்ல வெட்டினா சாறு ஒழுகும், மரம் சாகாது, ஆனா பாக்க பயமா இருக்கும், அதனால இலை முழுசா விரிஞ்ச பிறகு ஜூலைல வச்சுக்கிறது நல்லது.

வாரிசுக்கு வருவோம். சுகர் மேப்பிள்தான் நடணும்னு எல்லாருக்கும் ஆசை, பின்பக்கம் இடம் தாராளமா மண்ணு பொலபொலன்னு இருந்தா நடுங்க, சாலை ஓரம் வேணாம், உப்பும் இறுகின மண்ணும் அதுக்கு ஆகாது. எனக்குப் பிடிச்சது பர் ஓக், மெதுவாத்தான் வளரும் ஆனா எதையும் தாங்கும், ஓக் நட்டா ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க, 2023ல ஓக் வில்ட் நோய் ஒண்டாரியோல நுழைஞ்சிருச்சு, வசந்தத்துலயும் கோடையிலயும் கிளை வெட்டாதீங்க. ஹேக்பெரி, கென்டக்கி காஃபிட்ரீ ரெண்டும் தெருப்பக்கத்துக்கு நல்லா வருது, காஃபிட்ரீ நிழல் சல்லடை மாதிரி விழும், அடியில புல்லு வரும். சின்ன இடம்னா சர்வீஸ்பெரி, பழம் குருவிக்குப் போக உங்களுக்கும் மிஞ்சும். நகராட்சி நிலத்துல நடுறதுக்கு டொரான்டோ இலவசமாவே மரம் வச்சுத் தருது, பின்பக்கத்துக்கு லீஃப்ங்கிற அமைப்பு குறைஞ்ச விலையில ஆளோட வந்து நட்டுக் கொடுக்குறாங்க. நீங்களே நடறீங்கன்னா பழைய மேப்பிளோட கிளை முடியுற இடத்துக்கு வெளியில இடம் பாருங்க, மண்வெட்டி எடுக்குறதுக்கு முன்னாடி ஒண்டாரியோ ஒன் கால் (Ontario One Call)ங்கிற சேவைக்கு சொல்லி கேஸ் பைப், கரண்ட் வயர் எங்க ஓடுதுன்னு குறி போட்டு வாங்கிடுங்க, அது இலவசம். தொட்டியை உருவினதும் வேர் சுருண்டிருந்தா தயங்காம பிரிச்சு விடுங்க, பிரியாட்டி வெட்டிடுங்க, தண்டு விரிஞ்சு வேராகுற இடம் மண்ணுக்கு மேல கண்ணுக்குத் தெரியுற மாதிரி வைங்க, அது தெரியலைன்னா வெளிய எடுத்து மறுபடி நடுங்க.